அப்பா போனில் வந்த விளம்பரம்

அத்தியாயம் 6

மேற்கு தாம்பரத்தில் எங்கள் துப்பறியும் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஆதார் அட்டையை நீட்டி இரண்டு காப்பி கேட்பார்கள். மீதிப் பேர்தான் எங்கள் ஆட்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏறி வந்த பெண்ணின் கையில் ஆதார் இல்லை. ஒரு செல்போனைக் கைக்குட்டையில் சுற்றி இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"செத்த எலியா மேடம்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தேவானந்தம் சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தேன். அவர்தான் துப்பறிபவர். ஐம்பத்திரண்டு வயது, பேச்சு குறைவு. என் பெயர் மெர்வின். விசிட்டிங் கார்டில் உதவியாளர் என்று போட்டிருக்கிறது. சாருடைய பங்குப் பேச்சையும் சேர்த்து நானே பேசிவிடுவது வழக்கம்.

"என் பேர் ஸ்ரீவித்யா. குரோம்பேட்டையில இருக்கேன். இது எங்க அப்பாவோட போன். அப்பா பேர் சத்யநாராயணன், டெலிபோன்ஸ்ல இருந்து ரிடையர் ஆனவர். அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. செம்பாக்கத்துல தனியா இருக்கார்."

"போன்ல என்ன பிரச்னை?" என்றார் சார்.

"விளம்பரம் வருது."

"அது எல்லார் போன்லயும்தான் வருது மேடம். எனக்கு வழுக்கையில முடி வளர்ற எண்ணெய் வந்துகினே கீது" என்றேன்.

"அந்த மாதிரி விளம்பரம்" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மெல்ல மெல்லச் சொன்னாள். ஐந்து வாரங்களுக்கு முன்னால் அவள் மகள் சின்மயிக்கு ஏழாவது பிறந்தநாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். கேக் வெட்டியதும் படம் எடுப்பதற்காகத் தாத்தா போனைத் தூக்கியிருக்கிறார். திரை முழுக்க ஒட்டுத்துணி இல்லாமல் ஒரு பெண், கூடவே முனகல் சத்தம். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். குழந்தை மட்டும், "தாத்தா, அந்த ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறது.

ஸ்ரீவித்யாவின் கணவர் கிரீஷ் அன்றைக்கே பிரவுசரில் விளம்பரங்களை பிளாக் செய்தார். அடுத்த வாரம் கோயிலில் மறுபடி வந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து, போனில் இருந்த எல்லாவற்றையும் துடைத்து அழித்தார்கள். இரண்டு நாளில் திரும்பவும் வந்தது.

"மூணு வருஷமா ஸ்கூல் வேன் சின்மயியை நாலு மணிக்கு அப்பா வீட்டு முனையிலதான் இறக்கும். ஏழு மணிக்கு நாங்க போய் கூட்டிட்டு வருவோம். இப்ப கிரீஷ் அவளை டே கேர்ல சேர்த்துட்டார். தினமும் தாத்தா எங்கேன்னு கேக்கறா. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்." அவள் போனை மேஜைமேல் வைத்தாள். "'ஆமாம்மா, நான்தான் பார்த்தேன். இனிமே குழந்தையை என்கிட்ட விடாதே'ன்னு சொல்லிட்டார். என்னால நம்ப முடியல. நம்பாமலும் இருக்க முடியல. நேத்து ரிப்பேருக்குன்னு பொய் சொல்லி போனை வாங்கிட்டு வந்தேன். எங்க அப்பா அப்படிப்பட்டவர்தானா இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும் சார்."

போன் என் கைக்கு வந்தது. இதில் மட்டும் நான் சாருக்கு மூத்தவன். பிரவுசரில் பெரியவர் தேடியதை எல்லாம் பார்த்தேன். நாளைய ராகு காலம். செம்பாக்கம் ஏரிக்கு வரும் பறவைகள். பூரி உப்பலாக வர என்ன செய்ய வேண்டும்.

"மேடம், சத்தியமா சொல்றேன், இதுல உப்பினது பூரி மட்டும்தான்."

"விளம்பரம் எங்கேருந்து வருதுன்னு அப்புறம் பாரு" என்றார் சார். "எப்ப வருதுன்னு மொதல்ல பாரு. அம்மா, பிறந்தநாள் அன்னிக்கு அது வர்றதுக்கு சரியா முன்னாடி என்ன நடந்தது?"

"கேக் வெட்டினா. அப்பா போனைத் தூக்கினார்."

"கோயில்ல?"

"சிவன் கோயில். எல்லா சன்னதியும் பார்த்துட்டு கடைசியா சண்டிகேஸ்வரர்கிட்ட நின்னோம். அப்பா சட்டைப் பையில இருந்து சத்தம் வந்தது. வெளியில எடுத்தா அந்தக் கண்றாவி."

சார் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி மூடினால் ஒன்று தூக்கம், இல்லாவிட்டால் வழக்கு முடியப்போகிறது.

"கேக் வெட்டினதும் எல்லாரும் என்ன பண்ணுவோம்? சண்டிகேஸ்வரர் முன்னாடி நின்னு என்ன பண்ணுவோம்?"

"நான் மாதா கோயில் ஆளு சார். சண்டிகேஸ்வரர் எனக்குப் பழக்கம் இல்ல" என்றேன்.

ஸ்ரீவித்யாதான் வாயைத் திறந்தாள். "கை தட்டுவோம்."

தேவானந்தம் சார் கண்ணைத் திறந்து, மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்து மூன்று முறை கை தட்டினார்.

போன் குயில் மாதிரி கூவியது. உடனே திரை வெளிச்சமாகி அந்தப் பெண் வந்தாள். நான் பாய்ந்து போனைக் குப்புறக் கவிழ்த்தேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருப்பார்.

மீதி ஐந்து நிமிட வேலை. மற்ற ஆப்களின் மேல் தோன்றுவதற்கு யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்தேன். இரண்டே பெயர்கள். ஒன்று 'கூக்கூ'. போனை எங்காவது வைத்துவிட்டு மறந்துபோனால் கை தட்ட வேண்டும், அது கூவி இடத்தைக் காட்டும். கூவிய கையோடு ஒரு விளம்பரத்தையும் நீட்டும். இன்னொன்று 'யாரது'. அழைப்பு வரும்போது கூப்பிடுகிறவர் பெயரை உரக்கச் சொல்லும். இரண்டும் முறையான ஆப் கடையிலிருந்து வந்தவை அல்ல. ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'மூத்த குடிமக்களுக்கு மிகவும் பயனுள்ளது, அவசியம் பகிரவும்' என்று யாரோ கும்பிட்டுப் போட்ட லிங்க்கிலிருந்து வந்தவை.

"குழுவுல பதினாலு பேர் மேடம். ரெண்டு மாசமா ஒருத்தரும் குட் மார்னிங்கூட போடல. பதினாலு வூட்லயும் இதே பஞ்சாயத்து ஓடினு இருக்கும், வெளியில சொல்ல வெக்கம்."

'கூக்கூ'வின் அனுமதியை நிறுத்தினேன். கை தட்டினேன். குயில் மட்டும் கூவியது, விளம்பரம் வரவில்லை.

ஸ்ரீவித்யா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அப்பா பார்க்கல. பார்க்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். துப்பறியும் தொழிலில் ஆனந்தக் கண்ணீர் பார்ப்பது அபூர்வம். நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் நாலரைக்கு செம்பாக்கம் வந்துடுங்க" என்றார் சார். "நாங்களும் அங்க இருப்போம். அதுவரைக்கும் அப்பாகிட்ட எதுவும் பேச வேணாம். போன் எங்ககிட்ட இருக்கட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு, படிகளில் கிட்டத்தட்ட ஓடினாள்.

"பதினோரு மணிக்குள்ள ஒரு கேஸ். பிரியாணிக்கு சொல்லவா சார்?"

"அந்தக் கூக்கூவைத் திறந்து முதல் பக்கத்தைப் படி."

திறந்தேன். பலூன்கள் பறக்கும் படத்துக்குக் கீழே, 'வாழ்த்துகள்! கடந்த வாரம் உங்கள் போனை 63 முறை கண்டுபிடித்திருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தது.

"அறுபத்து மூணு" என்றார் சார். "தனியா இருக்கிற மனுஷன். ஒரு நாளைக்கு ஒம்பது தடவை. கடையில எல்லாத்தையும் அழிச்சாங்களே, இது திரும்ப எப்ப போன்ல ஏறியிருக்கு பாரு."

பார்த்தேன். கடையில் அழித்த மறுநாளே ஏறியிருந்தது. 'யாரது'வும்தான்.

"தானா வரல. தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கார். வாழ்நாள் முழுக்க டெலிபோன் இணைப்பகத்துல உட்கார்ந்திருந்தவருக்கு, கூப்பிடறது யாருன்னு ஒரு இயந்திரம் எதுக்கு சொல்லணும்? அதை விடு. பார்க்காத ஒண்ணை பார்த்தேன்னு ஒரு அப்பா எதுக்குப் பெத்த பொண்ணுகிட்ட சொல்லணும்?"

நான் பிரியாணியை மறந்துவிட்டேன்.

*

மூன்று மணிக்கு சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வழியாக பைக்கில் செம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, பச்சை கேட் போட்ட சின்ன வீடு. வீட்டு வேலை செய்யும் எல்லம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். டெலிபோன்ஸில் பெரியவரோடு வேலை பார்த்தவரின் மகன் என்று என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"பெர்சு தங்கமான மன்சன்பா" என்றாள் எல்லம்மா. "இப்ப கொஞ்ச நாளா ஒரே பஜனைதான்."

"பஜனையா?"

"ரூம் ரூமா போய் கை தட்டிகினு நிப்பாரு. பாட்டு ஒண்ணும் பாடறதில்ல. சாமி மேட்டரு, நமக்கு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. "வேற ஏதாவது?" என்றார்.

எல்லம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். குரலை இறக்கினாள். "நேத்து எனக்கு மூணு தபா காபி போட்டுக் குட்தாரு. ரெண்டாவது தபா, இப்பதான சார் குட்சேன்னேன். ஆமால்லன்னு சிரிச்சாரு. ஆனா மூஞ்சி ஒரு மாதிரியா ஆயிட்சு. மூணாவது தபா நான் வாயே தொறக்கல. வாங்கிக் குட்சிட்டேன்."

"பொண்ணாண்ட சொன்னியாக்கா?" என்றேன்.

"சொல்லாத எல்லம்மான்னு கேட்டுகினாரு. அவரு அப்டி எதையும் என்னாண்ட கேட்டதே இல்ல."

நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்திருந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

உள்ளே சத்யநாராயணன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, முகம் மழித்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுபத்தோரு வயது. நாங்கள் யார் என்று சார் ஒளிக்காமல் சொன்னார். பெரியவர் பதற்றப்படவில்லை.

"வித்யாகிட்டதான் சொல்லிட்டேனே. நான்தான் பார்த்தேன். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"எந்தப் படம் சார் பார்த்தீங்க?"

"அதெல்லாம் வெளியில சொல்வாங்களா?"

"எந்த வெப்சைட்னாவது சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். பாடம் படிக்காமல் வகுப்புக்கு வந்த பையன் விழிப்பதுபோல் விழித்தார். பிறகு, "பேர் மறந்துபோச்சு" என்றார்.

சார் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்பலேருந்து சார் மறக்குது?"

பெரியவர் பேப்பரை நான்காக மடித்தார். அதை மறுபடி பிரித்தார்.

"ஒரு வருஷமாச்சு. தாம்பரத்துல எந்த நம்பர் யாரோடதுன்னு டைரக்டரியைப் பார்க்காம சொல்வேன் நான். நாலாயிரம் நம்பர் இருந்தது மனசுல. போன வருஷம் வித்யா கூப்பிட்டப்ப திரையில அவ பேரைப் பார்த்தேன். யார் இதுன்னு யோசிச்சேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் ஞாபகம் வந்துடுச்சு. யாருக்கும் தெரியாது."

"இந்த ஆப்னாலதான் விளம்பரம் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன் நான்.

"அது கூவினதும் அந்தப் படத்துப் பொம்பளை வருவா. அது தெரியாம இருக்குமா? கடையில எல்லாத்தையும் அழிச்சாங்களே, அன்னிக்கு பூரா போனைத் தேடினேன். வித்யா பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா. அரிசி டப்பாவுக்குள்ள இருந்தது. மறுநாள் திரும்பப் போட்டுக்கிட்டேன்."

"அந்த ஆப்பைப் பொண்ணுகிட்ட எடுத்துக் காட்டியிருந்தா உங்க பேர் கெட்டிருக்காதே சார்."

"காட்டினா, இது எதுக்குப்பான்னு அடுத்த கேள்வி கேப்பா." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு வியாழக்கிழமை. நாலு மணிக்கு வேன் வந்தது. குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டேன். முனையிலேருந்து வீடு ஆறாவது கேட். திரும்பிப் பார்க்கறேன், எந்தத் தெருன்னு தெரியல. எல்லாமே புதுசா இருந்தது. நடந்தேன். ஏரிக்கரை வந்துடுச்சு. அங்க நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எப்ப அவ கையை விட்டேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. பார்த்தா தண்ணி ஓரத்துல இறங்கி நிக்கறா. ஷூ முழுக்க சேறு. இன்னும் ரெண்டு அடி வச்சிருந்தா..."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"அவதான் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. மறுநாளிலேருந்து வேன்காரர்கிட்ட கெஞ்சி வாசல்லயே இறக்க வச்சேன். குழந்தையை அனுப்பாதேன்னு வித்யாகிட்ட சொல்லணும். ஏன்னு கேப்பாளே. பத்து நாள் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன், வாய் வரல. அவ அம்மா ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்தா. வித்யா வேலையை விட்டுட்டு வந்துதான் பார்த்துக்கிட்டா. அதுக்கப்புறம் மறுபடி ஒரு வேலை கிடைச்சு இப்பதான் நிமிர்ந்திருக்கா. இதைச் சொன்னா அதையும் விட்டுட்டு வந்து நிப்பா. எனக்குத் தெரியும் என் பொண்ணை."

"அப்பதான் பிறந்தநாள்ல இது வந்தது" என்றார் சார்.

"ஆமா. நீங்களாப்பா பார்த்தீங்கன்னு அழுதுக்கிட்டே கேட்டா. எனக்குத் தப்பிக்க வழி கிடைச்ச மாதிரி இருந்தது. ஆமான்னுட்டேன். அசிங்கம்னா கோபப்படுவா, அவ்வளவுதானே. குழந்தையும் இங்க வராது." அவர் தேவானந்தம் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பார்த்தது நிஜம்னு எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்கு என்ன போச்சு?"

எத்தனையோ பேர் குற்றத்தை மறைக்கச் சொல்லி எங்களிடம் கெஞ்சியிருக்கிறார்கள். செய்யாததைச் செய்தேன் என்று எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சியவர் இவர் ஒருவர்தான். எனக்கு, சார் ஏதாவது பொய் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

"எங்களைக் கூப்பிட்டது உங்க பொண்ணு சார். விளம்பரம் எங்கேருந்து வந்ததுன்னு காலையிலேயே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மீதியை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஒரு வாரம் டைம் குடுங்க. நானே சொல்லிடறேன்."

"மறந்துடுவீங்க சார்" என்றார் தேவானந்தம். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நாலரை ஆகவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "தாத்தா" என்று கூவிக்கொண்டு சின்மயி யூனிஃபார்மோடு ஓடிவந்து அவர் மடியில் விழுந்தாள். பின்னால் ஸ்ரீவித்யா. ஆபீஸில் பாதி நாள் லீவு போட்டு, குழந்தையை டே கேரிலிருந்து தானே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் பார்த்த பெண்ணா என்று சந்தேகமாக இருந்தது. முகம் அப்படி மலர்ந்திருந்தது.

வந்த வேகத்தில் தரையில் மண்டியிட்டு அப்பாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்கப்பா. நான் உங்களை சந்தேகப்பட்டேன். கிரீஷ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவரும் ரொம்ப வருத்தப்படறார். டே கேரை இன்னியோட நிறுத்தியாச்சு. நாளையிலேருந்து வேன் பழையபடி இங்கேயே வரும்."

"ஹை" என்று குழந்தை கை தூக்கிக் குதித்தது.

பெரியவர் தேவானந்தம் சாரைப் பார்த்தார். சார் தலையைக் குனிந்துகொண்டார். உதவி செய்ய அங்கே யாரும் இல்லை.

"சின்மயி, கொல்லையில எல்லம்மா இருக்கா பாரு. நீ வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. போய் சொல்லிட்டு வா" என்றார். குழந்தை ஓடியது. அது போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேன் வர வேணாம் வித்யா."

"ஏம்ப்பா? இன்னும் என்மேல கோபமா?"

"எனக்கு மறக்குதும்மா. வீட்டுக்கு வழி மறக்குது. அன்னிக்கு ஏரிக்கரையில குழந்தை கையை விட்டுட்டேன். விட்டதுகூடத் தெரியல எனக்கு. உன் பேரே ஒரு நாள் எனக்கு வரல."

ஸ்ரீவித்யா முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். அவள் அப்பாவின் போன் என் கையில் இருந்தது. காலையில் நாங்கள் அவளுக்குக் கொடுத்த சந்தோஷம் ஆறு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சின்னக் குழந்தை மாதிரி அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கண்றாவியை நீங்க பார்த்ததாவே இருந்திருக்கக் கூடாதாப்பா" என்றாள்.

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அதைத்தானேம்மா நானும் சொன்னேன்."